புலித்தோல் போர்த்திய பசு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெருமுனையில் ஒரு டேக்அவே கடை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை, என் பெரியம்மா மகள் அங்கே பால் வாங்கப் போனாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவள் விரதத்தில் இருந்தாள். நாம் புரட்டாசியில் இருக்கும் வீட்டு விரதம் இல்லை. அவள் சேர்ந்திருந்த குழுவின் தலைவர் அறிவித்த 40 நாள் விரதம். பகலில் தண்ணீர் மட்டும், பொழுது சாய்ந்தபின் உப்பில்லாத கஞ்சி. அன்றைக்கு 23ஆம் நாள். கன்னம் ஒட்டிப்போய், படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கவுண்டரில் தலைவருக்கு வண்டி ஓட்டும் பையன் நின்றுகொண்டிருந்தான். “ரெண்டு குவார்ட்டர் மட்டன். ஐயாவோடதுல கிரேவி கூடப் போடுங்க, சம்பல் தனியா” என்று அவன் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: குவார்ட்டர் மட்டன் என்றால் கால் ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறிக்குழம்பை ஊற்றித் தருவது, பன்னி சாவ். பொட்டலத்துக் காகிதத்தில் எண்ணெய் ஊறி வாசனை கடை முழுக்கப் பரவும். திரும்பிய பையன் அக்காவைப் பார்த்தான். பேச்சு வரவில்லை அவனுக்கு.

அன்றிரவு இதை அவள் எங்கள் வீட்டில் வந்து சொன்னபோது, சரி, இதோடு விட்டது சனியன் என்று நினைத்தேன். அவளோ கண் கலங்கி, “பாவம் தம்பி, நமக்காக எவ்வளவு பாரம் சுமக்கிறார், அந்த உடம்புக்குப் பலம் வேண்டாமா? அதைக்கூட ஒளிச்சுத்தான் சாப்பிட வேண்டியிருக்கு பாரு” என்றாள். (அவள் பேசியது ஆங்கிலத்தில். எங்கள் ஊரில் வீட்டுத் தமிழ் பெரும்பாலும் தாத்தா, ஆயாவோடு நின்றுவிட்டது. நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். அந்த ‘பாவம்’ மட்டும் அவளே தமிழில் சொன்னது.)

தலைவர்களின் இரட்டை வேடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் மட்டனைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்தப் ‘பாவம்’தான் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்த மாதிரிக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அது எந்த மதத்துக் குழு என்று சொல்லப்போவதில்லை. நீங்கள் மனதில் ஒன்றை நினைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் படித்தாலும் கதை அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தலைவர் கண்டிப்பானவர், விதிமுறை கடுமையானது என்பதால் மட்டும் ஒரு மதக் குழு சர்வாதிகாரக் குழு ஆகிவிடாது. துறவி மடங்களில் இல்லாத கண்டிப்பா? காவடி எடுக்கிறவர் நாட்கணக்கில் விரதமிருந்து, வெறுங்காலோடு நடந்து, அலகு குத்திக்கொள்கிறார். யாரும் அவரை அடிமை என்று சொல்வதில்லை. காவடி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகலாம், அடுத்த வருடம் எடுக்காமலும் இருக்கலாம். பூசாரியிடம் சண்டை போட்டுக்கொண்டு வேறு கோயிலுக்கும் போகலாம். சர்வாதிகாரக் குழுவில் இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். என்ன சாப்பிடுவது, யாரைக் கட்டுவது, யாரோடு பேசுவது என்பதெல்லாம் ஒரே ஆளின் வாயிலிருந்து வரும். அந்த ஆளைக் கேள்வி கேட்பது கடவுளைக் கேள்வி கேட்பதாக ஆகிவிடும்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு ஒரு கேஸ் சிலிண்டரால் புரிந்தது. இங்கே ஒரு சின்ன மாரியம்மன் கோயிலில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். வருடாந்திரக் கூட்டம், பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஆயா, எண்பதை ஒட்டிய வயது. நான் கணக்கை வாசித்து முடித்ததும் எழுந்து நின்றார். “கூழ் ஊத்தினதுக்கு நாலு சிலிண்டர்னு எழுதியிருக்கே. அடுப்பாண்ட நின்னது நானு. மூணுதானே மாத்தினீங்க?” மண்டபமே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அரை மணி நேரம் பில் கட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தோம். நாலாவது சிலிண்டர் புரட்டாசி சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்கியது. இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தேன். ஆயா “அப்போ பிரிச்சு எழுது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல். அக்காவின் குழுவில் அப்படி ஒரு ஆயா எழுந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் யோசித்தபோதுதான் எரிச்சல் போனது.

சரி, இரட்டை வேடத்துக்கு வருவோம். நம்மிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு, கூடாவொழுக்கம். வள்ளுவர் இதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ‘பசுத்தோல் போர்த்திய புலி’ என்று நாம் பேச்சில் சொல்வோம், உள்ளே பயங்கரம் வெளியே சாது என்கிற பொருளில். அவர் காட்டும் படம் நேர்த் தலைகீழ். பசு ஒன்று புலித்தோலைப் போர்த்துக்கொண்டு அடுத்தவன் வயலில் மேய்கிறது. தன்னை அடக்கும் வலிமை இல்லாதவன் வலிமை உள்ளவனின் கோலம் பூணுவது இப்படித்தான் என்கிறார். எனக்கு இந்தப் படம்தான் சரியாகத் தோன்றுகிறது. அக்காவின் தலைவர் புலியெல்லாம் இல்லை. பசிக்கும்போது மட்டன் தின்ன ஆசைப்பட்ட சாதாரண ஆள். தோல்தான் புலித்தோல். அந்தத் தோலைப் பார்த்த காவல்காரன் கிட்டே வரமாட்டான், அதனால் வயல் முழுக்க மேயலாம்.

விரதத்தில் ஒருநாள் வாயடக்க முடியாமல் தின்றுவிட்டு, ‘தப்பாகிவிட்டது’ என்று சொல்கிறவரை யாரும் வேடதாரி என்பதில்லை. மனுசப் பிறவி, அவ்வளவுதான். ஒளித்துத் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்று சாதிக்கிறவர் பொய்யர். இதுவும் ஊரில் நடப்பதுதான். சர்வாதிகாரக் குழுக்களில் நடப்பது இந்த இரண்டையும் தாண்டியது. ‘அவருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம்’ என்பது வெளிப்படையாகவே கொள்கையாகிவிடும். ஒளிக்க வேண்டிய அவசியமே போய்விடும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், வேக்கோ ஊருக்கு வெளியே ஒரு குழுவை நடத்திய டேவிட் கோரேஷ் 1989இல் ஒரு புதிய வெளிப்பாடு கிடைத்ததாக அறிவித்தார். குழுவின் ஆண்கள் எல்லாரும், கல்யாணம் ஆனவர்களும் சேர்த்து, இனிப் பிரம்மச்சாரிகள். அவர்களுடைய மனைவிமார் உட்படப் பெண்கள் எல்லாரும் கோரேஷுக்கு உரியவர்கள். இதைக் கேட்டுச் சிலர் கிளம்பிப் போனார்கள். பெரும்பாலானோர் இருந்தார்கள். 1993இல் 51 நாள் முற்றுகைக்குப் பின் அந்த இடம் தீக்கிரையாகும்வரை இருந்தார்கள். அந்தக் கணவர்கள் முட்டாள்கள் என்று முடித்துக்கொள்வது நமக்கு வசதி. அவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், ஒரு வழக்கறிஞரும் இருந்தார்.

விதி கடுமையாக இருக்க இருக்க அதிலிருந்து விலக்குப் பெற்றவரின் உயரம் கூடும். எல்லாரும் பட்டினி கிடக்கும் இடத்தில் சாப்பிடுகிற ஒருவர் வேறு ஜாதி ஆகிவிடுகிறார். தென் அமெரிக்காவில், கயானாக் காட்டில் ஜோன்ஸ்டவுன் குடியிருப்பை நடத்திய ஜிம் ஜோன்ஸின் ஆட்கள் பெரும்பாலும் சோறும் பயறும் தின்று வயலில் உழைத்தார்கள். அவருடைய குடிலில் குளிர்சாதனப் பெட்டியும் இறைச்சியும் இருந்ததாகத் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு உடனே எங்கள் தெருமுனைக் கடைதான் ஞாபகம் வந்தது.

இப்போது அந்தப் ‘பாவம்’. அக்காவுக்கு ஏன் கோபம் வரவில்லை?

அக்கா அந்தக் குழுவுக்கு அதுவரை என்னென்ன கொடுத்திருந்தாள் என்று பார்த்தால் பாதி புரியும். கல்யாணத்துக்குப் பெரியம்மா போட்ட இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்திருந்தாள், பொன் ஆசையை விட வேண்டும் என்று சொன்னதால். தங்கச்சியோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். சனிக்கிழமைதோறும் தலைவர் வீட்டுப் புல்வெளியை வெட்டப் போய்க்கொண்டிருந்தாள், அதற்குச் சேவை என்று பெயர். மட்டன் விஷயத்தில் தலைவர் பொய்யர் என்று அவள் ஒப்புக்கொண்டால் வளையல் என்ன ஆகும்? தங்கச்சி என்ன ஆவாள்? நாலு வருடச் சனிக்கிழமைகள்? ஒரு பொட்டலத்துக்காக இவ்வளவையும் வீண் என்று ஒத்துக்கொள்ள எந்த மனதுக்கும் தெம்பு வராது. அதைவிட அவர்மேல் இரக்கப்படுவது சுலபம்.

உளவியலில் இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. லியோன் ஃபெஸ்டிங்கர் என்பவர் 1957இல் முன்வைத்தார். மனதுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு எண்ணங்கள் இருந்தால் அது செருப்புக்குள் கல் மாதிரி. எதையாவது மாற்றிச் சமாதானம் செய்துகொள்ளும்வரை உறுத்தும். நடந்ததை மாற்ற முடியாது, ஆகவே விளக்கத்தை மாற்றுவோம். 1959இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இருவர் இதைக் கல்லூரி மாணவிகளிடம் சோதித்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர, சிலர் ஆண் ஒருவர் முன்னால் கூச்சமூட்டும் சொற்களைச் சத்தமாக வாசிக்க வேண்டும், சிலருக்கு எளிதான சொற்கள், சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு எல்லாரும் கேட்டது ஒரே பதிவைத்தான், கொட்டாவி வரவழைக்கும்படி வேண்டுமென்றே தயாரித்த பேச்சு. அதிகம் கூச்சப்பட்டு உள்ளே வந்தவர்கள்தான் அந்தப் பேச்சு ரொம்ப சுவாரசியம் என்றார்கள். கஷ்டப்பட்டு வாங்கிய பொருளை மட்டம் என்று சொல்ல மனம் வராது. புடவை வாங்கிய யாருக்கும் இது தெரியும்.

அதனால்தான் இப்படிப்பட்ட குழுக்கள் ஆரம்பத்திலேயே நிறையக் கேட்கின்றன. கொடுக்கக் கொடுக்கப் பிடி இறுகும். வெளியிலிருந்து நாம் ‘உன் தலைவர் திருடர்’ என்று அடித்துச் சொன்னால் அந்தப் பிடி இன்னும் இறுகுகிறது. நான் அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன், மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மீதிப் பாதியைச் சொற்கள் பார்த்துக்கொள்ளும். ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர், சீனாவில் கட்டாயச் சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு ஆளானவர்களை 1950களில் சந்தித்துப் பேசியவர். இத்தகைய இடங்களின் பொது அடையாளமாக அவர் குறிப்பிட்டவற்றில் ஒன்று, யோசனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும் ரெடிமேட் சொற்கள். அக்காவின் குழுவில் அது ‘சோதனை’. கரண்ட் பில் கட்ட முடியவில்லையா, சோதனை. தலைவர் மட்டன் தின்கிறாரா, உன் நம்பிக்கைக்குச் சோதனை. அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் வாக்கியம் கிடையாது.

அடுத்தது அதிகார ஆசை. ஆசை இருப்பதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து 342 பேர் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களும் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள் என்றால் அதில் யாரோ சிலருடைய ஆசையும் பெருமையும் கட்டாயம் இருந்திருக்கும். ஆசைக்கு ஒரு மேல்கூரை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வசீகரத்தால் வரும் அதிகாரத்தைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்ன ஒன்று எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. மன்னனுக்குப் பரம்பரை இருக்கிறது. அதிகாரிக்குச் சட்டப் புத்தகம் இருக்கிறது. ‘இவரிடம் ஏதோ சக்தி இருக்கிறது’ என்று சனங்கள் நம்புவதால் மட்டும் தலைவரானவருக்கு அந்த நம்பிக்கையைத் தவிர வேறு முதலே கிடையாது. அதனால் அவர் அதைத் திரும்பத் திரும்ப நிரூபித்துக் காட்ட வேண்டும். போன வருடம் தலைவலி குணமாக்கினால் இந்த வருடம் புற்றுநோய். ஜோன்ஸின் கூட்டங்களில் ‘வெளியே எடுத்த புற்றுக்கட்டி’ என்று காட்டப்பட்டது கோழியின் உள்ளுறுப்பு.

அதே ஜோன்ஸ் தொடங்கியது எப்படி என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1950களில் இண்டியானாபோலிஸ் நகரில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்காரும் சபையை நடத்தியவர். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. நிறவெறியில் வாழ்ந்த எங்களுக்கு அதன் எடை தெரியும். பிறகு கலிஃபோர்னியா, அரசியல்வாதிகளோடு நட்பு, சான் ஃபிரான்சிஸ்கோ நகர வீட்டுவசதி ஆணையத்தின் தலைவர் பதவி. பத்திரிகைகள் நெருங்க ஆரம்பித்ததும் கயானா. 1978 நவம்பர் 18 அன்று ஜோன்ஸ்டவுனில் 909 பேர் இறந்தார்கள், 300க்கு மேற்பட்டோர் பிள்ளைகள். முதல்நாள் சபைக்கு வந்தவர்களிடம் இந்தப் படிக்கட்டின் கடைசிப் படியைக் காட்டியிருந்தால் ஒருவரும் ஏறியிருக்கமாட்டார்கள்.

ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு இன்னும் வேகமான கதை. 1984இல் டோக்கியோவில் ஒரு யோகா வகுப்பு. 1989இல் சட்டப்படி மத அமைப்பு. 1990 பிப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தலைவர் ஷோகோ அசஹாராவையும் சேர்த்து 25 பேர் நின்றார்கள், எல்லாரும் தோற்றார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு. தேர்தலில் தோற்றதுதான் காரணம் என்று ஒற்றை வரியில் முடிக்க முடியாது, வன்முறை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் உலகத்தைக் காக்க வந்தவரை உலகம் ஓட்டுப்போட்டு நிராகரித்தால், அவருக்கு இறங்கிவர வழியே இல்லை என்பது தெரிகிறது.

ஆசை தலைவரிடம் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்’ என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பின்னால் ஓஷோ என்று அழைக்கப்பட்ட ரஜ்னீஷின் சீடர்கள் ஒரு ஊரையே எழுப்பினார்கள். அவரிடம் 93 ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் இருந்தன. அதை இரட்டை வேடம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏழ்மையைப் போதித்தவர் இல்லை அவர், கார்களை ஒளிக்கவும் இல்லை. அங்கே நடந்த படுமோசமான காரியத்துக்குப் பின்னால் இருந்தது அவருடைய செயலாளர் ஷீலாவும் அவர் ஆட்களும். 1984இல் மாவட்டத் தேர்தலைத் தங்கள் பக்கம் திருப்ப, பக்கத்து ஊர் உணவகங்களின் சாலட்டில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் நோயில் விழுந்தார்கள். அக்காவின் குழுவிலும், தலைவரைவிட அவரைப் பார்க்க யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்த அம்மாளிடம்தான் எல்லாருக்கும் பயம்.

எங்கள் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2014இல் பிரிட்டோரியா பக்கத்தில் ஒரு போதகர் தன் சபையாரைப் புல் தின்னவைத்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. 2016இல் லிம்போபோ மாகாணத்தில் லெத்தேபோ ரபலாகோ என்ற போதகர், குணமாக்குகிறேன் என்று சனங்களின் முகத்தில் டூம் பூச்சிமருந்தை அடித்தார். 2018இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. இரண்டையும் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. டப்பா யார் கையில் இருந்தது, முகம் யாருடையது என்று பார்த்தால் சிரிப்பு வராது.

அரசியல் சட்டத்தின்படி அமைந்த பண்பாடு, மதம், மொழிச் சமூகங்களின் உரிமைக்கான ஆணையம் 2015இல் மதம் வியாபாரமாவதைப் பற்றி விசாரணையைத் தொடங்கியது. தலைவர்களைக் கூப்பிட்டுக் கணக்கைக் கேட்டது. 2017இல் வந்த அறிக்கை, மதத் தலைவர்களுக்கு ஒருவகைப் பதிவும், அந்தந்த மதத்தவரே நடத்தும் கண்காணிப்பும் வேண்டும் என்றது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது, யார் பிரசங்கம் செய்யலாம் என்று உரிமச்சீட்டு கொடுப்பது அரசின் வேலையா என்று கேட்டார்கள். பாராளுமன்றக் குழுவும் அறிக்கையின் அந்தப் பரிந்துரைக்கு இணங்கவில்லை. நான் இதில் இரண்டு மனதுக்காரன். யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று அரசாங்கம் முடிவு செய்த நாட்டில், யார் எந்தச் சாமியைப் பற்றிப் பேசலாம் என்றும் அதுவே முடிவு செய்ய வேண்டாம். இன்னொரு பக்கம், ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் எங்கோபோ ஊரில் நடந்ததும் நினைவுக்கு வரும். தங்களைத் தேவதூதர்கள் என்று சொல்லிக்கொண்ட அண்ணன் தம்பிகள் நடத்திய சபை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாத சபை, ஆணையம் முன்பே விசாரித்த சபை. 2018 பிப்ரவரியில் அந்த ஊர்க் காவல் நிலையத்தைத் தாக்கி 5 காவலர்களையும் ஒரு படைவீரரையும் கொன்றார்கள். சபைக்குள் நடந்த துப்பாக்கிச் சண்டையில் சந்தேகத்துக்குரியவர்கள் 7 பேர் செத்தார்கள், மூவர் அந்தச் சகோதரர்கள்.

அதிகார ஆசை நிர்வாணமாகத் தெரிவது வாரிசுச் சண்டையில். ஜோஹனஸ்பர்க் அருகே சூர்பெகொம்மில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு மிகப்பெரிய பெந்தெகொஸ்தே சபையின் தலைவர் 2016இல் இறந்தார். யார் அடுத்தவர் என்று பிளவு. 2020 ஜூலையில் ஆயுதங்களோடு ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது, 5 பேர் கொல்லப்பட்டார்கள், 40 பேருக்கு மேல் கைதானார்கள். கொன்றவனும் செத்தவனும் ஒரே பாட்டைப் பாடி வளர்ந்தவர்கள்.

‘நம்ம சனங்கள் ஏன் இதில் விழுகிறார்கள்’ என்று கோயில் மண்டபங்களில் அடிக்கடி கேட்பார்கள். சாட்ஸ்வொர்த் எப்படி உருவானது என்பதில் விடையின் ஒரு துண்டு இருக்கிறது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, கேட்டோ மேனர் மாதிரி இடங்களில் கூட்டுக் குடும்பமாக, கோயிலோடும் தோட்டத்தோடும் இருந்தவர்களைப் பெயர்த்து, 1960களில் இந்த வரிசை வீடுகளில் கொண்டுவந்து போட்டார்கள். தாத்தா ஒரு யூனிட்டில், சித்தப்பா இன்னொன்றில். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட ஆளில்லை. அந்த நேரத்தில் ‘வாம்மா’ என்று கூப்பிட்டு, சோறு போட்டு, பேர் சொல்லி விசாரிக்கும் குழு எதுவாக இருந்தாலும் அது வீடு. கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். அக்காவும் அந்தக் குழுவில் சேர்ந்தது அத்தான் இறந்த வருடம்தான். நாங்கள் எல்லாரும் பதினாறாம் நாளோடு நின்றுவிட்டோம். அவர்கள் பதினேழாம் நாள் வந்தார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்போ தலைவர் உண்மையானவரா போலியா என்று கண்டுபிடித்தால் போதுமே என்று தோன்றலாம். போதாது. 1997 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஹெவன்ஸ் கேட் குழுவினர் 39 பேர், வால்நட்சத்திரத்தின் பின்னால் வரும் விண்கலத்தில் ஏறப்போவதாக நம்பி உயிரை விட்டார்கள். தலைவர் மார்ஷல் ஆப்பிள்வைட்டும் அந்த 39இல் ஒருவர். பிரம்மச்சரியத்தைப் போதித்தார், அதற்காகத் தன்னையே காயடித்துக்கொண்டார். ஒளித்துத் தின்ற மட்டன் எதுவும் அங்கே இல்லை. சொன்னதைச் செய்த தலைவர், கூட வந்தவர்கள் செத்தார்கள். மனதுக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது, பார்த்தாலும் பயனில்லை. வெளியே இருந்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. அந்த ஆயா மாதிரி ஒருவர் எழுந்து நிற்க முடிகிறதா, நின்றபின் அடுத்த வாரமும் அவரோடு எல்லாரும் பேசுகிறார்களா?

இங்கே கணக்கைப் பார்க்கச் சட்டமும் கொஞ்சம் உதவும். 1997ஆம் ஆண்டு லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்ட அமைப்பு, நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் சமூக வளர்ச்சித் துறைக்கு அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். ‘நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா, எண் என்ன’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டவுடன் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள், அறிக்கையைவிட அதில் அதிகம் தெரியும்.

அக்கா கடைசியில் வெளியே வந்துவிட்டாள். மட்டனால் இல்லை, வளையலாலும் இல்லை. வயதானவர்களைக் கூட்டத்துக்கு ஏற்றிவர எல்லாரும் காசு போட்டு வாங்கிய ஒரு வேன் இருந்தது. ஒருநாள் அதைக் காணவில்லை. கூட்டம் முடியும்போது அவள், ஏதும் மனதில் வைக்காமல், “வேன் எங்கே?” என்று கேட்டிருக்கிறாள். ரிப்பேருக்குப் போயிருக்கும் என்றுதான் அவளும் நினைத்தாளாம். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. அதற்கடுத்த வாரம் அவளே போகவில்லை. ஒரு போன் வரவில்லை. நாலு வருடம் தினமும் பேசியவர்கள்.

இப்போதும் சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டில் அவர்களில் யாரையாவது பார்க்க நேரும். பார்த்தால் கத்தரிக்காயைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொள்வார்கள். போன மாதம் நான் கூட இருந்தேன். அதில் ஒரு அம்மா, அக்காவின் பக்கத்தில் வந்து, தக்காளிக் கூடையைப் பார்த்தபடியே, தலையைத் திருப்பாமல் கேட்டார்:

“அந்த வேன் கிடைச்சுதா?”